இரண்டு குன்றுகளுக்கு நடுவில்

என் தங்கைக்கு இடது கையில்தான் ஊசி ஏற்றுவார்கள். ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் கழுவி, திரும்ப உடம்புக்குள் விடுகிற வேலைக்கு இரண்டு தடித்த ஊசிகள். அந்தக் கையை அசைக்கக் கூடாது. அசைத்தால் இயந்திரம் கூவும், தாதி ஓடி வருவார், நோயாளிக்கு விழ வேண்டிய ஏச்சு துணைக்கு வந்த எனக்கு விழும். மிச்சமிருந்த ஒற்றைக் கையால் கணினி நிரல் எழுதுவது ஒற்றைக் கையால் சேலை கட்டுவது மாதிரி. செய்யலாம், ஆனால் கட்டி முடிப்பதற்குள் கல்யாணமே முடிந்துவிடும். அதனால் அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். அவளுடைய ஆராய்ச்சியின் பெரும்பகுதி, மட்டக்களப்பு நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு சாய்வுக் கதிரைக்குப் பக்கத்தில், என் மடியில் இருந்த மடிக்கணினியில் எழுதப்பட்டது.

நான் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவள். மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் என்று பெயர். பெயர் பிழையில்லை. தங்கை வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தற்காலிக விரிவுரையாளராக இருந்துகொண்டே முதுதத்துவமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தாள். அம்மா போன பிறகு அப்பாவையும் வவுணதீவிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து, செங்கலடியில் ஒரு வாடகை வீட்டில் மூன்று பேருமாக இருந்தோம். சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன என்று தெரிய வந்தபோது அவளுடைய ஆய்வு தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவள் டொக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, ஆய்வை முடிக்க நேரம் கிடைக்குமா என்பது. டொக்டர் சிரித்துச் சமாளித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த ஒரே கேள்விதான். ஆய்வு முந்துமா, உடம்பு முந்துமா?

என்னுடைய சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று நான் முன்வந்தேன். இரத்த வகை பொருந்தியது. வீட்டுக்கு வந்து சாமிப்படத்துக்கு முன்னால் நின்று அழுதேன், அவ்வளவு சந்தோஷம். பிறகு மற்றப் பரிசோதனைகளின் முடிவு வந்தது. எனக்கே தெரியாமல் எனக்குச் சீனி வருத்தம் இருந்திருக்கிறது. கொடுக்க விடமாட்டோம், மிஞ்சுகிற ஒன்று நாளைக்கு உங்களுக்கே போதாமல் போகலாம் என்றார்கள். நான் வாழ்நாள் முழுக்கக் குடித்த அத்தனை கோப்பைத் தேநீரையும் அன்று சபித்தேன். என் முகத்தைப் பார்த்து அவள்தான் என்னைத் தேற்றினாள்.

"விடுக்கா. உன்ட கிட்னியப் போட்டா உன்ட கோபமும் சேந்து வந்திரும். ஒரு வீட்டுக்கு ஒராள் காணும்."

நான் சிரித்தேன். பிறகு ஆஸ்பத்திரிக் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

வேறு ஒருவருடைய சிறுநீரகத்துக்காகப் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம். காத்திருக்கிற காலத்தில் வேலை நடந்தது. நான் ஒரு வரியைத் தட்டி முடித்ததும் "மறுகா?" என்பேன். எங்கள் பக்கத்தில் பிறகு என்பதற்கு மறுகா என்போம். அவள் அடுத்த வரியைச் சொல்வாள். கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்வாள். அடைப்புக்குறி எங்கே திறக்கிறது எங்கே மூடுகிறது என்பதுகூட அவளுக்கு மனதுக்குள் தெரிந்தது. பக்கத்துக் கதிரைகளில் இருந்தவர்கள் முதலில் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள். ஏறாவூரிலிருந்து வருகிற ஒரு தாத்தா மட்டும், என்ன ஓதுகிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

அவர் கேட்டதற்கு அவள் சொன்ன பதிலைத்தான் நானும் முதன்முதலாக விளங்கிக்கொண்டேன். எங்கள் பாடப்புத்தகங்கள் சக்திச்சொட்டு என்று எழுதுவதை அவள் குவாண்டம் என்றே சொல்வாள். அந்த நுண்ணுலகத்தில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் சரியாகச் சொல்ல ஏலாது. ஆனால் இரண்டையும் சேர்த்து ஒரு படம் கீறலாம். கிடையாக இடம், நெடுக்காக வேகத்தைக் காட்டும் உந்தம். அந்தத் தளத்துக்குக் கட்டவெளி என்று பெயர். அதன்மேல் அந்தப் பொருளின் நிலை, களத்தில் குவித்த நெல் மாதிரி, ஒரு குன்றாக எழும்பி நிற்கும். ஒரே பொருள் இரண்டு நிலைகளில் ஒன்றாக இருந்தால் இரண்டு குன்றுகள். விசேஷம் அதுவல்ல. இரண்டு குன்றுகளுக்கும் நடுவில், ஒன்றும் இருக்கத் தேவையில்லாத வெறும் இடத்தில், நெளிவு நெளிவாக அலைகள் எழும்பும். தரைக்குக் கீழேயும் இறங்கும். நடு அலையின் உச்சி இரண்டு குன்றுகளையும்விட உயரம்.

தாத்தா தலையை ஆட்டினார். இரண்டு குவியலுக்கு நடுவில் குழி விழுந்தால் அது எலி வேலை என்றார். அவள் ஊசிக் கையை மறந்து சிரித்து, இயந்திரம் கூவியது.

எனக்கு அவள் இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னாள். இரண்டு குன்றுகளை எவரும் கொண்டு வரலாம். காசைச் சுண்டிப் பூ விழுந்தால் இது, தலை விழுந்தால் அது என்று வைத்தாலும் இரண்டு குன்றுகள் வரும். பொருள் உண்மையிலேயே இரண்டிலும் சேர்ந்து இருக்கிறது என்பதற்கு அந்த நடு அலைகள்தான் சாட்சி. அவை இல்லாவிட்டால் படம் வெறும் படம்.

இப்படிப்பட்ட படத்தைக் கணினியில் வைப்பது லேசில்லை. தளத்தைப் பொடிப்பொடிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு உயரம் என்று எழுதி வைப்பது பழைய வழி. நெல் குவியலை மணி மணியாக எண்ணி வைப்பது மாதிரி. எங்களிடம் இருந்தது அவள் பட்டப்படிப்புக் காலத்தில் வாங்கிய மடிக்கணினி. அதற்கு அந்தச் சுமை தாங்காது. அவள் எடுத்த வழி வேறு. ஒரு குன்றுக்கு, மையம் எங்கே, அகலம் எவ்வளவு, முன்னால் நின்று பெருக்குகிற குணகம் என்ன என்ற சில எண்கள் மட்டும். நடு அலைகளையும் அதே மாதிரிக் குன்றுகளாகவே எழுதலாம், ஆனால் அவற்றின் மையம் கற்பனை எண்ணில் விழும். யாரும் கால் வைத்து நிற்க முடியாத ஒரு இடத்தில். இந்தச் சில எண்களை வைத்துக்கொண்டு படம் முழுவதையும் வேண்டியபோது எழுப்பலாம். இவ்வளவு சிக்கனமாகச் செய்ய முடியும் என்பதுதான் அவளுடைய ஆய்வு.

சிக்கனம் எங்களுக்குத் தேவையாகவும் இருந்தது. ஊசி ஏற்றி இறக்குகிற நாலு மணித்தியாலம்தான் அவளுக்கு வேலை நேரம். வீட்டுக்குப் போனால் அன்று முழுக்கத் துவண்டு படுத்திருப்பாள். மற்ற நாட்களில் வளாகத்தில் வகுப்பு. இரண்டு குன்றில் தொடங்கியது, வரிசையாகப் பல குன்றுகள் நிற்கிற நிலைகளுக்குப் போனது. குன்றுகளில் எந்த இரண்டை எடுத்தாலும் அவற்றுக்கு நடுவில் அலைகள் உண்டு. குன்று கூடக் கூட அலைக் கணக்கு மலையாக ஏறியது. கதிரையை விட்டு எழும்பும்போதும் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் வரும்போது மின்கலம் செத்துவிடும். அடுத்த முறை எல்லாம் முதலிலிருந்து.

ஒரு நாள் அவள் கண்ணை மூடிக்கொண்டே ஒரு புது வரியைச் சொன்னாள். குணகம் மிகச் சிறியதாக உள்ள குன்றுகளைக் கழித்துவிடு என்பது அதன் பொருள். நான் தட்டினேன். கணக்கு பறந்தது. கதிரையில் இருக்கும்போதே படம் வந்துவிட்டது. நாங்கள் இருவரும் பரிசு விழுந்த மாதிரிச் சந்தோஷப்பட்டோம்.

அந்தச் சந்தோஷம் அற்பாயுசு. படத்தில் குன்றுகள் எல்லாம் சரியாக நின்றன. நடுவில் ஒன்றுமில்லை. வெறும் சமதரை.

சித்திரையில் இது நடந்தது. அதிலிருந்து ஆடி வரைக்கும் அவள் அந்த நடுவைத் தேடினாள். தன் முறையே பிழை என்று நினைத்தாள். சிக்கனத்துக்கு ஆசைப்பட்டுச் சாரத்தை விட்டுவிட்டேன், கட்டம் கட்டமாக எழுதுகிறவர்கள்தான் கெட்டிக்காரர் என்றாள். அவளுடைய மேற்பார்வையாளர் நல்ல மனுஷி. தலைப்பைக் கொஞ்சம் சுருக்கி, இதுவரை வந்ததை வைத்து எழுதி முடித்துவிடலாமே என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். தங்கை தலையாட்டிவிட்டு வந்தாள். பஸ்ஸில் ஏறியதும், "செத்திருவன் எண்டு நினைச்சுத்தான் மிஸ் அப்பிடிச் சொல்றாக்கா" என்றாள். நான் டிக்கட்டுக்குச் சில்லறையை எண்ணினேன். அந்தக் காலத்தில் அவளுடைய கை நரம்பு ஒரு முறை அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் வைத்தார்கள். கழுத்துக் குழாயோடும் அவள் வரி வரியாகச் சொன்னாள், நான் தட்டினேன். கோபம் எல்லாம் வற்றிப்போய் எனக்குப் பயம் மட்டும் மிஞ்சியது.

மாமாங்கத் திருவிழா நடந்த நாட்களில் ஒன்று. அமிர்தகழிக்குப் போகிற சனத்தோடு பஸ்ஸில் நெரிபட்டு வந்து சேர்ந்தோம். அவள் கதிரையில் சாய்ந்ததும், பெரிய கணக்கு ஒன்றும் வேண்டாம், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற மாதிரி இரண்டு குன்றை மட்டும் போடு என்றாள். படம்கூட வேண்டாம். என்னென்ன குன்றுகள் உள்ளே இருக்கின்றன என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டச் சொன்னாள். இரண்டு குன்று, நடு அலைக்கு இரண்டு. நாலு வரி வரவேண்டும்.

திரையில் இரண்டு வரி வந்தது.

நான் வாசித்துச் சொன்னேன். அவள் கண்ணைத் திறந்தாள். திரையைத் தன் பக்கம் திருப்பச் சொன்னாள்.

"நான்தான்கா கழிச்சிரிக்கன்," என்றாள்.

வராமல் போன அந்த இரண்டின் குணகமும் ஒன்றுமில்லாத அளவுக்குச் சிறியது. அதனால்தான் எங்கள் புது வரி அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டது. ஆனால் அவற்றின் மையம் கற்பனை எண். கற்பனை எண்ணை வர்க்கித்தால் மறை, அதாவது கழித்தல் குறி, வரும் என்பதை நான் வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். அந்த மறை உள்ளே போனதும், தேய வேண்டிய குன்று பூதாகாரமாக வீங்குகிறது. ஒன்றுமில்லாத குணகம், பூதாகாரமான குன்று, இரண்டையும் பெருக்கினால்தான் நடு அலை. குணகத்தை மட்டும் பார்த்தால் அது குப்பை. எழுப்பிப் பார்த்தால் படத்தின் உயிர்.

"சிறு துரும்பும் பல்லுக்குத்த உதவும் எண்டு சின்ன வகுப்பில படிச்சம். நான் துரும்பெண்டு நினைச்சு வீட்டுக் கூரை வளையையே கழட்டி எறிஞ்சிரிக்கன்," என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழத் தொடங்கினாள். மூன்று மாதம் என்பது மற்றவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு தவணை. அவளுக்கு அது எவ்வளவு என்று எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. தாதி வந்து என்னவோ ஏதோ என்று இயந்திரத்தைப் பார்த்தார். இயந்திரம் நன்றாகத்தான் ஓடியது.

அந்த வரியை அழிக்கப் போனேன். வேண்டாம், ஓடாமல் செய்துவிட்டு அப்படியே விடு, நாம் விட்ட பிழையும் கிடக்கட்டும் என்றாள். குணகத்துக்குப் பதிலாக, எழும்பி நிற்கும் உயரத்தைப் பார்த்துக் கழிக்கிற மாதிரி இன்னொரு வரி சொன்னாள். இயந்திரத்தை நிறுத்துவதற்கு முன்னமே படம் வந்தது. நடுவில் நெளிநெளியாக அலைகள், சிவப்பும் நீலமுமாக. ஏறாவூர்த் தாத்தாவுக்கும் காட்டினோம். எலி நல்லாத்தான் வேலை செய்திருக்கிறது என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் திருவிழாக் கச்சான் கடலை வாங்கித் தரச் சொன்னாள். அவளுக்குக் கச்சான் ஒண்ணா, உடம்புக்குக் கூடாது. நான் ஏசினேன். ஏசிக்கொண்டே வாங்கிக் கொடுத்தேன். நாலைந்து கொட்டையை மட்டும் வாயில் போட்டு, வாவியைப் பார்த்துக்கொண்டு மெல்ல மெல்லச் சப்பினாள். அவள் சந்தோஷமாக இருந்ததை நான் கடைசியாக முழுமையாகப் பார்த்தது அன்றுதான்.

மிச்சமிருந்தது கடைசி அத்தியாயம். அவள் ஆராய்ந்த பொருள் ஒளி; அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியே போனால் இந்தப் படத்துக்கு என்ன நடக்கும் என்பது. அவளுடைய முறையில் அதுவும் லேசு. கசிவு எவ்வளவு என்று ஒரு எண் கொடுத்தால் போதும், ஒவ்வொரு குன்றின் எண்களும் தாமாக மாறிவிடும். விடை என்னவாக வரும் என்று அவள் முன்னமே சொல்லியிருந்தாள். "நடுதான்கா முதல்ல போகும். ரெண்டு குன்றும் எவ்வளவு தூரத்தில நிக்குதோ அவ்வளவு சுறுக்கா அழிஞ்சிரும். குன்றுக்கு ஒண்டும் பெரிசா நடக்காது. தூர நிண்டு பாக்கிற ஆக்களுக்கு வித்தியாசமே தெரியாது."

மாரி தொடங்கியதும் கழுத்துக் குழாய் வழியாகக் கிருமி தொற்றியது. காய்ச்சல் விடவே இல்லை. ரோட்டில் வெள்ளம் ஏறி பஸ் ஓடாத கிழமையில் அவள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள், நானும் இருந்தேன். நினைவு தெளிந்த ஒரு பின்னேரம், கணினியைக் கொண்டு வந்தாயா என்று கேட்டாள். கொண்டு வரவில்லை. வெள்ளத்தில் நனைந்துவிடும் என்று வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். தண்ணீர் வற்றட்டும், கொண்டு வாறன் என்றேன். சரி என்று கண்ணை மூடினாள். தண்ணீர் வற்றுவதற்கு முன் அவள் போய்விட்டாள்.

உடம்பு முந்திக்கொண்டது.

செத்த வீட்டுக்கு வந்த பெரியம்மா முறையான ஒருத்தி என் தலையைத் தடவிச் சொன்னாள்: "ஒரு விதத்தில உனக்கும் விடுதலைதான் மனே. ஆசுப்பத்திரிக்கும் வீட்டுக்கும் இழுபட்டுத் திரிஞ்சது காணும்." நல்ல மனதோடு சொன்னதுதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்றேன். அந்த பஸ், அந்தக் கதிரை, இயந்திரத்தின் கூவல், அவள் கண்ணை மூடிச் சொல்லும் அடைப்புக்குறிகள், இவற்றைத்தான் நான் வாழ்ந்துகொண்டிருந்தேன். எனக்கு விடுதலை வேண்டியிருக்கவில்லை.

முப்பத்தொன்றாம் நாள் சடங்கு கழிந்த பிறகு மேற்பார்வையாளர் வீட்டுக்கு வந்தார். வாய்மொழிப் பரீட்சைக்கு ஆள் இல்லாமல் பட்டம் கொடுக்க வழியில்லை என்று சொன்னார். ஆனால் கசிவுப் படங்கள் மட்டும் கிடைத்தால், முழுவதையும் அவள் பெயரில் ஒரு கட்டுரையாக அனுப்பலாம் என்றார். நிரல் உங்களுக்குத் தெரியும்தானே என்று கேட்டார். தெரியும் என்றேன். தட்டியவள் நான்தானே.

பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பின்னேரம் கணினியைத் திறந்தேன். மேசையில் வைத்தால் கை ஓடவில்லை. மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஓடாமல் நிறுத்தி வைத்த அந்தப் பழைய வரி அதன் இடத்தில் அப்படியே இருந்தது. அதைத் தாண்டிப் போய், கசிவுக்கான எண்ணைக் கொடுத்து ஓட விட்டேன். படம் வந்தது. இரண்டு குன்றுகளும் முன்பைவிடக் கொஞ்சம் உள்ளே நகர்ந்து, அதே வடிவத்தோடு நின்றன. நடு சமதரையாகியிருந்தது. அவள் சொன்னபடியே.

இப்போது என்னைப் பார்க்கிறவர்கள், தேறிவிட்டாள் என்கிறார்கள். பள்ளிக்கூடம் போகிறேன், வினாத்தாள் திருத்துகிறேன், அப்பாவுக்கு உப்புக் குறைத்துச் சமைக்கிறேன், பிள்ளைகளுக்கு முன்பு மாதிரியே ஏசுகிறேன். ஒன்றிலும் குறையில்லை.

படத்தைச் சேமித்தேன். அடுத்தது தூரத்தைக் கூட்டுவதா, கசிவைக் கூட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை. விரல்களை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு இருந்தேன். என்னை அறியாமலே வாய் கேட்டுவிட்டது.

"மறுகா?"

பக்கத்து அறையில் படுத்திருந்த அப்பா எழும்பி உட்காரும் சத்தம் கேட்டது.

"மகள், ஆரோட கதைக்கிறாய்?"

"ஒருத்தரோடயும் இல்லப்பா," என்றேன். கை விசைப்பலகையில் அப்படியே இருந்தது.